வீதியோரத்து இரண்டு பாத்திகள்

அச்சுவேலிப் பகுதியில் விவசாயப் போதனாசிரியராகப் பதினான்கு வருடம் மோட்டார் சைக்கிளில் அலைந்த பிறகுதான் சிவகௌரி முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது. பதவி உயர்வுக்காகப் படிக்கிறாள் என்று கந்தோரில் கூட வேலைசெய்பவர்கள் பேசிக்கொண்டார்கள். அவளும் அதை மறுக்கவில்லை. உண்மையான காரணம் அவளுடைய வீட்டுக்குள் இருந்தது.

தாயும் தகப்பனும் போனபிறகு அந்த வீட்டில் அவளும் தம்பி லக்ஷனும் மட்டுந்தான். லக்ஷன் தோட்டங்களுக்குக் கூலிக்கு மருந்து அடிப்பவன். வெங்காயக் காலம் வந்துவிட்டால் விடிய ஆறு மணிக்கு மருந்துத் தாங்கியை முதுகில் கொழுவிக்கொண்டு புறப்படுவான். நீர்வேலி, புத்தூர், ஆவரங்கால் என்று ஒரு நாளைக்கு ஐந்தாறு தோட்டம். முகத்துக்குத் துணி கட்டமாட்டான், காலில் செருப்பும் இருக்காது. முப்பத்தைந்து வயதில் அவனுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தான். ஒருநாள் புத்தூரில் தோட்டத்து வரம்பிலேயே விழுந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் டொக்டர் இதற்குப் பல காரணம் இருக்கலாம் என்றார், ஒன்றையும் அறுதியாகச் சொல்லவில்லை. தோட்டத்து மருந்துதான் என்பதில் சிவகௌரிக்கு மட்டும் சந்தேகமே இருக்கவில்லை.

வெங்காயத்தில் இலை முறுகி மடங்கும் நோய் மழைக்காலத்தில்தான் வரும். வந்தால் ஒரு கிழமையில், ஏழே நாளில், தோட்டமே சரிந்துவிடும். அந்தப் பயத்தில் கமக்காரர் நோய் வருகிறதோ இல்லையோ கிழமைக்கு ஒருமுறை மருந்து அடித்தார்கள். நடுவதற்கு முன்பு விதை வெங்காயத்தை அரை மணித்தியாலம் மருந்துக் கரைசலில் ஊறவைத்தாலே போதும் என்று சிவகௌரி நம்பினாள். இரண்டு மூன்று தோட்டங்களில் அப்படிக் கண்டும் இருக்கிறாள். ஆனால் சொன்னால் யார் கேட்கிறார்கள்? அது அவன்ரை மண்ணுக்குச் சரிவந்திருக்கும் என்பார்கள். ஒருவரும் தட்டிக்கழிக்க முடியாத ஒரு நிரூபணம் அவளுக்கு வேண்டியிருந்தது.

முதல் வருடம் நான்கு கமக்காரரைப் பிடித்தாள். ஒருவர் வழக்கம்போலக் கிழமைக்கொரு தரம் மருந்து அடிப்பது, ஒருவர் விதையை மருந்தில் ஊறவைப்பது, ஒருவர் நன்மை செய்யும் பங்கசு என்கிற பூஞ்சணக் கரைசலில் ஊறவைப்பது, ஒருவர் ஒன்றுமே செய்யாமல் விடுவது. அறுவடையில் நான்கு தோட்டத்து விளைச்சலையும் நிறுத்து, அட்டவணை போட்டு, பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனாள். அவளுடைய ஆய்வை மேற்பார்வை செய்த கலாநிதி மயூரதன் அவளைவிட ஏழு வயது இளையவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அட்டவணையை மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் பார்த்தார்.

"அக்கா, நீங்கள் நாலு முறையை ஒப்பிடேல்லை. நாலு தோட்டக்காரரை ஒப்பிட்டிருக்கிறியள். கூட விளைஞ்சது மருந்தாலையோ, அந்த மனிசன்ரை மண்ணாலையோ, தண்ணி இறைச்ச விதத்தாலையோ எண்டு இனி ஆராலையும் பிரிச்சுச் சொல்லேலாது."

ஒரு வருட உழைப்பு அந்த ஒரு வசனத்தோடு முடிந்தது. அவர் பொறுமையாக விளக்கினார். ஒரே முறையைப் பல பாத்திகளில் செய்தாலும் விளைச்சல் ஒன்றுபோல இராது, கூடும், குறையும். அந்த இயல்பான ஏற்ற இறக்கத்தைவிட முறைக்கும் முறைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் பெரிதாக இருந்தால்தான் அந்த முறைக்கு ஏதோ பலன் உண்டு என்று நம்பலாம். மாறற்றிறன் பகுப்பாய்வு என்கிற பெரிய பெயருக்குள் இருப்பது அவ்வளவுதான் என்றார். அதற்கு ஒரே தோட்டத்தில் ஒவ்வொரு முறைக்கும் நான்கு பாத்தியாவது வேண்டும். எந்தப் பாத்திக்கு எது என்பதை மனிதர் தீர்மானிக்கக் கூடாது, சீட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாம் வருடம் அவர் சொன்னபடியே செய்தாள். கார்த்திகை மழை ஐந்து நாள் விடாமல் பெய்து, பதினாறு பாத்தியிலும் நட்டது அழுகிப்போனது. படிப்புக் காலம் முடிந்துவிட்டது. கெஞ்சிக் கடிதம் எழுதி ஒரு வருட நீடிப்பு வாங்கினாள். இதுதான் கடைசி, பங்குனி முப்பத்தோராம் திகதிக்குப் பிறகு பதிவு தானாகவே இரத்தாகிவிடும் என்று பதில் வந்தது. அதற்குள் லக்ஷன் வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தான். நாள் முழுதும் வீட்டில் படுத்திருந்தான். அவள் வேலையால் வந்ததும் ஆய்வைப் பற்றிக் கேட்பான். அவள் கதைக்கிற வேறு ஒன்றையும் அவன் காதில் வாங்குவதில்லை.

மூன்றாம் வருடம் நிலம் கொடுத்தவர் கந்தப்பு. அறுபத்திமூன்று வயது. ஊரிலே துப்புரவான தோட்டம் யாருடையது என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் அவருடைய தோட்டத்தைத்தான் காட்டும். செம்மண்ணில் நூல் பிடித்தது போல வரம்பு, ஒரு புல்லுக்கூட இராது. சந்தைக்குப் போகிற வீதி அவருடைய வேலியை ஒட்டித்தான் போகிறது. ஒன்றுமே அடிக்காமல் நான்கு பாத்தி விடவேண்டும் என்று சிவகௌரி சொன்னபோது அவருக்கு முகம் மாறியது. ஆனாலும் அவளுக்காகச் சம்மதித்தார். பல வருடங்களாகப் பூச்சி, நோய் என்று கூப்பிட்ட நேரமெல்லாம் வந்து நின்ற பிள்ளை அவள்.

நடுகைக்கு முதல்நாள் சீட்டு எழுதிச் சின்ன ஓலைக் கடகம் ஒன்றில் போட்டார்கள். கந்தப்புவின் மனைவி அருமைநாயகி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஒன்றும் செய்யாத பாத்திகளில் இரண்டு வீதியோரத்தில் விழுந்தன. கந்தப்பு தலையைச் சொறிந்தார். அந்த இரண்டையும் பின்பக்கத்துக்கு மாற்ற ஏலாதோ என்று கேட்டார். சீட்டில் விழுந்ததை மாற்றினால் இவ்வளவு செய்ததற்கும் அர்த்தமில்லை என்று அவள் சொல்லிவிட்டாள்.

மார்கழியில் மழை வந்தது. மழைக்குப் பின்னால் நோயும் வந்தது. ஒன்றும் செய்யாத நான்கு பாத்தியிலும் வெங்காயத் தாள் முறுகிச் சுருளத் தொடங்கியது. ஆய்வுக்கு வேண்டிய வித்தியாசம் தெரிகிறதென்று சிவகௌரி சந்தோசப்பட்டாள், அப்படிச் சந்தோசப்பட்டதற்காக வெட்கமும் பட்டாள். அந்த நேரம் பார்த்துக் கந்தோரில் எல்லோரையும் வெள்ளச் சேத மதிப்பீட்டுக்கு அனுப்பினார்கள். பதினொரு நாள் அவளால் தோட்டத்துக்கு வர முடியவில்லை.

திரும்பி வந்த அன்று காலை, படலையைத் திறந்தவுடனேயே அவள் நின்றுவிட்டாள். வீதியோரத்து இரண்டு பாத்தியும் நிமிர்ந்து நின்றன. புதுத் தாள் பச்சையாக வந்திருந்தது. பின்பக்கத்து இரண்டும் பாதிக்கு மேல் சரிந்து கிடந்தன. பாத்தியில் நட்டிருந்த கட்டையில் எழுதிய இலக்கத்தைப் பார்த்தாள். தோட்டத்துப் படத்தை விரித்து ஒன்றுக்கு இரண்டு தரம் ஒப்பிட்டாள். குனிந்து ஒரு தாளை முறித்து மணந்தாள். மருந்து மணம்.

கந்தப்பு கிணற்றடியில் நின்றார். அவள் கேட்க முன்பே அவர் வாய் திறந்தார்.

"நான்தான் அடிச்சனான், பிள்ளை. ரெண்டு தரம். ரோட்டாலை போறவை எல்லாரும் நிண்டு பாக்கினம். கந்தப்புவுக்கு இனித் தோட்டம் செய்யேலாதாம், கண் தெரியேல்லையாம் எண்டு சந்தையிலை கதைக்கினம். அதைவிடு. அதுகள் கண்ணுக்கு முன்னாலை சாகுதுகள். மருந்து கொட்டிலுக்குள்ளை இருக்கு. எனக்கு மனம் கேக்கேல்லை."

அவளுக்கு அவரை ஏசவேண்டும் என்று தோன்றியது. ஆனால் பயிர் சாகவிட்டுப் பார்த்துக்கொண்டிரு என்று ஒரு கமக்காரனிடம் கேட்டது அவள்தானே. மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு தொண்டைமானாறு வரைக்கும் போய், பாலத்தடியில் நிறுத்திவிட்டு அழுதாள். ஆய்வு பாழ் என்று அறியக் கணக்குப் பார்க்கத் தேவையே இல்லை. இன்னொரு போகம் செய்ய நாள் இல்லை. நான்கு பாத்தியில் இரண்டு போய்விட்டது. மயூரதனிடம் சொன்னால் போன தடவை போல அட்டவணையைப் பார்த்துவிட்டு, அக்கா, இது சரிவராது என்பார். அப்படியான ஒரு வசனத்தை இன்னொரு தரம் கேட்க அவளுக்குத் தைரியம் இருக்கவில்லை. மனிதருக்குப் போக்கிடம் இல்லாமல் போனால் கேட்கவேண்டியவரிடம் கேட்கவும் பயந்துவிடுகிறார்கள். அவள் சொல்லவில்லை.

மாசியில் வெங்காயம் கிண்டினார்கள். பாத்தி பாத்தியாகக் காயவைத்து நிறுத்தாள். கிழமைதோறும் மருந்து அடித்ததில் சராசரி பத்துக் கிலோவுக்குச் சற்றுக் குறைய வந்தது. மருந்தில் ஊறவைத்ததில் ஒன்பது. நன்மை செய்யும் பங்கசில் ஏழரை. பின்பக்கத்து ஒன்றும் செய்யாத இரண்டிலும் ஐந்தரைக் கிலோ அளவில். வீதியோரத்து இரண்டிலும் எட்டுக் கிலோவைத் தாண்டியது.

அந்த இரண்டு எண்களையும் அவள் கொப்பியில் எழுதவில்லை. வீட்டுக்கு வந்து மேசையடியில் இருந்து அந்த வெறுமையான இரண்டு கட்டங்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றில் ஐந்து தசம் மூன்று கிலோ என்றும் மற்றதில் ஐந்து தசம் ஒன்பது என்றும் எழுதினாள். மருந்து அடிக்காமல் விட்டிருந்தால் அவ்வளவுதானே வந்திருக்கும், நான் ஒன்றும் இல்லாததை எழுதவில்லை என்று தனக்குத்தானே சொன்னாள். கணினியில் போட்டதும் விடை உடனே வந்தது. நான்கு முறைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் தற்செயலாக வந்திருப்பதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் நான்கு. மூன்று வருடமாக அவள் தவங்கிடந்த எண் அது.

லக்ஷன் பக்கத்தில் வந்து நின்று திரையைப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் விடாமல் பார்த்தான்.

"அப்ப ஊறப்போட்டாப் போதுமோ, அக்கா? என்னைப்போல ஒருத்தன் தேவையில்லையோ?"

"ஓமடா," என்றாள்.

அவன் சிரித்தான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவன் சிரித்து அவள் கண்டாள். அன்றிரவு அவள் தன் சோற்றை மூடிவைத்துவிட்டுப் படுத்தாள்.

மயூரதனுக்குப் பெரிய புளுகம், பிடிபடாத சந்தோசம். ஒரு சுருக்கம் எழுதி இருவர் பெயரிலும் ஆய்வு மாநாடு ஒன்றுக்கு அனுப்பினார். பங்குனி முதற்கிழமையில் கந்தப்புவின் தோட்டத்திலேயே ஒரு கூட்டமும் வைத்தார். நாற்பது கமக்காரர் அளவில் வந்து மாமர நிழலில் இருந்தார்கள். மயூரதன் முறை முறையாக விளைச்சலை வாசித்தார். ஒன்றும் செய்யாத நான்கு பாத்திகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி, ஐந்து ஆறு கிலோவுக்குள் என்று அவர் சொன்னபோது, சிவகௌரி தலையை நிமிர்த்தாமலே கந்தப்பு எங்கே நிற்கிறார் என்று அறிந்திருந்தாள். அவர் வாழைமரத்துக்குப் பக்கத்தில் நின்றார். தன் தோட்டத்தில் தன் கையால் கிண்டியது எவ்வளவு என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் அவர் எல்லோருக்கும் மோர் ஊற்றிக் கொடுத்தார்.

கூட்டம் கலைந்தபிறகு அவர் அவளுக்குக் கிட்ட வந்தார். சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீ பயப்பிடாதை, பிள்ளை. நான் ஆருக்கும் சொல்லமாட்டன். பிழை என்னிலைதானே."

அவர் அதைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். இந்த மனிசனையும் தன் பொய்க்குள் இழுத்துவிட்டேன், அவரும் அதைத் தன் கடமை என்று நினைத்துச் சுமக்கிறார் என்பதுதான் தாங்க முடியாமல் போனது. எட்டு நாள் அவள் அதோடு திரிந்தாள். வேலை செய்தாள், கையெழுத்துப் போட்டாள், ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பக்கங்களை எழுதினாள். சாப்பிட இருந்தால் அவர் குரல் காதில் கேட்டது. ஒன்பதாம் நாள் புத்தகமாகக் கட்டிமுடித்த கட்டுரையை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனாள். மயூரதனுடைய அறைக் கதவைச் சாத்திவிட்டு, கதிரையில் இருக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

அவள் முடித்த பிறகு மயூரதன், வீதியோரத்துப் பாத்தி இரண்டிலும் உண்மையில் எவ்வளவு வந்தது என்று கேட்டார். பிறகு கணினியைத் திருப்பி, அவளுடைய தரவை எடுத்து, அந்த இரண்டு கட்டங்களிலும் இருந்ததை அழித்தார். வேறொன்றும் எழுதாமல் வெறுமையாகவே விட்டார். பதினான்கு பாத்திகளை வைத்து மறுபடி கணித்தார். விடை வந்தது. அவர் திரையை அவள் பக்கம் திருப்பவில்லை. அவளே எட்டிப் பார்த்தாள்.

தற்செயலுக்கான வாய்ப்பு நூற்றில் மூன்று. ஏற்றுக்கொள்ளலாம் என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளும் எல்லைக்குள்தான் இருந்தது.

"ரெண்டு பாத்தி பழுதாப் போறது வழமை, அக்கா. மாடு மேயும், வெள்ளம் நிக்கும். அதுக்குத்தானே நாலு நாலாப் போடுறம். என்ன நடந்தது எண்டு ஒரு பந்தி எழுதிப்போட்டு, அந்த ரெண்டையும் விட்டிட்டுச் செய்யிறது. எனக்கு ஒரு டெலிபோன் கோல் எடுத்திருந்தா அண்டைக்கே சொல்லியிருப்பன்." அவருடைய குரல் உடைந்தது. "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

நீங்கள் சரிவராது என்று சொல்லிவிடுவீர்கள் என்று பயந்தேன் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அப்போதுதான் கதிரையில் இருந்தாள். பொய் சொல்லாமலே வென்றிருக்கக்கூடிய ஒன்றை அவள் பொய் சொல்லித் தோற்றிருந்தாள். இப்போது அந்தப் பதினான்கு எண்களையும்கூட யார் நம்புவார்கள்? இரண்டை மாற்றியவள் மற்றதுகளை மாற்றவில்லை என்பதற்கு அவளுடைய வாய்ச்சொல்லைத் தவிர என்ன இருக்கிறது?

பிழையான எண்களோடு சுருக்கம் ஏற்கெனவே போய்விட்டதால் மயூரதனுக்கும் வேறு வழி இருக்கவில்லை. அதை மீளப் பெற்றார். பீடத்துக்கு அறிக்கை எழுதினார். அனுப்புமுன் அவளுக்கு வாசித்துக் காட்டினார், தானாக வந்து சொன்னாள் என்ற வரியை இரண்டு இடத்தில் சேர்த்திருந்தார். விசாரணைக்காகப் பதிவு முடிவதைத் தள்ளிவைத்து, சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நீள மேசைக்கு மற்றப் பக்கத்தில் ஐந்து பேர். கந்தப்புவின் பெயரைக் கேட்டார்கள். பயிர் செய்தவரில் பிழை இல்லை, அவருக்கு வேண்டியதைச் சரியாக விளங்கப்படுத்தாததும் மறைத்ததும் தான்தான் என்று சொன்னாள். பதிவு இரத்தானது. மூன்று வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. கடிதத்தின் பிரதி அவள் வேலைசெய்யும் விவசாயத் திணைக்களத்துக்கும் போனது. அங்கே பணிப்பாளர் அவளைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு, இப்போதைக்கு வெளியிடத்துப் பரிசோதனை ஒன்றிலும் நீர் சேரவேண்டாம் என்றார்.

லக்ஷனுக்குச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அவன் கோபிப்பான் என்று நினைத்தாள். கோபித்திருந்தால் நல்லது. அவன் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "எனக்காக எண்டு சொல்லாதை, அக்கா," என்றான். "நான் உன்னைப் பொய் எழுதச் சொல்லேல்லை." அதற்குப் பிறகு மூன்று நாள் ஒரு சொல்லும் இல்லை. நான்காம் நாள் அவன் தானாக எழும்பித் தேத்தண்ணி போட்டான். அவளுக்கும் ஒரு கோப்பை ஊற்றி, அரைவாசி சிந்தி, மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அது மன்னிப்போ இல்லையோ அவளுக்குத் தெரியவில்லை. குடித்தாள்.

கந்தப்பு வீட்டுக்கு அவள் போனபோது அருமைநாயகிதான் வெளியே வந்தார். மனிசன் உள்ளே இருக்கிறார், உன்ரை முகத்திலை முழிக்க வெக்கப்படுறார், பிள்ளை, என்றார். அவள் படலையடியிலேயே நின்று, எனக்குக் கோவமில்லை எண்டு சொல்லுங்கோ என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

வேலை மட்டும் அவளுக்கு இருந்தது. ஐப்பசி பிறந்ததும், கமக்காரர் ஆலோசனை கேட்க வரும் கமநல சேவை நிலையத்தில் கிழமைக்கு இரண்டு நாள் இருந்தாள். கதை ஊர் முழுக்கப் பரவியிருந்ததால் வழக்கமாக வருபவர்கள் பலர் அவளைத் தாண்டி மற்ற மேசைக்குப் போனார்கள். ஒருநாள் கமலாவதி என்ற பெண் வந்தாள். புருசன் இல்லாதவள், ஒன்றரைப் பரப்புக் காணியில் வெங்காயம் போடுகிறவள். மருந்து அடிக்க ஆள் பிடிக்கிறது தனக்குப் பெரிய கரைச்சல், பெரும்பாடு என்றாள். பிறகு நேராகவே கேட்டாள்.

"நீங்கள் செய்தது பொய்யெண்டு சொல்லுகினம். எனக்கு உது விளங்காது. விதையை ஊறப்போட்டு நட்டாக் காணுமோ, காணாதோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

சிவகௌரிக்குக் காணும் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அது போதும் என்றுதான் இன்றைக்கும் அவள் நம்புகிறாள்.

"எனக்குத் தெரியாது," என்றாள். "தெரிஞ்சிருக்கக்கூடிய ஒரு விசயத்தை நான் பழுதாக்கிப்போட்டன்."

கமலாவதி எழும்பிப் போகவில்லை. குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். சிவகௌரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பதினான்கு பாத்தியின் விளைச்சலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். எது என்ன முறை என்று பக்கத்தில் குறித்தாள். மற்ற இரண்டுக்கும் எதிரே, மருந்து அடிபட்டது, சேர்க்கக் கூடாது என்று எழுதினாள். அவளிடம் கொடுத்து, இதை நான் சொன்னதற்காக நம்பவேண்டாம், வேறு யாரிடமாவது காட்டிக் கேள் என்றாள். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கமலாவதி தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினாள்.